சோரென் சோரென்சென்

சோரென் பீட்டர் லாரிட்ஸ் சோரென்சென் (சனவரி 9, 1868 – பெப்ரவரி 12, 1939) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். ஒரு கரைசலின் அமில அல்லது காரத் தன்மையை ஒரே எண்ணால் குறிக்கும் பிஎச் அளவீட்டை (காரகாடித்தன்மைச் சுட்டெண்) 1909 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் இவரே. கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியல் பிரிவின் தலைவராக 1901 முதல் 1938 வரை பணியாற்றினார்.

இந்த ஆய்வகம் ஒரு பியர் ஆலையின் உரிமையாளரால் நிறுவப்பட்டதாகும். இன்று பள்ளிப் பாடநூல்களிலும், மருத்துவமனைகளிலும், மண் பரிசோதனை நிலையங்களிலும் பயன்படும் இவ்வளவீடு பியர் ஆலையை ஒட்டிய ஓர் ஆய்வகத்தில் தோன்றியது என்பது மாணவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. குழாய் நீரைப் பியர் தயாரிப்புக்கு ஏற்றவாறு பதப்படுத்தும் இன்றைய முறைகளும் சோரென்சென் தெளிவாக்கிய இரண்டு கருத்துகளின் மேல் அமைந்தவை. ஒன்று பிஎச், மற்றொன்று தாங்கல் கரைசல். முதலாவது மிகுந்த புகழ் பெற்றது. நீரைப் பொருத்தவரை இரண்டாவதே முதன்மையானது. இதனை இக்கட்டுரையின் பிற்பகுதி விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

சோரென்சென் டென்மார்க்கின் சீலாந்து தீவில் உள்ள ஹாவ்ரெபியெர்க் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 18 ஆவது வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த சோபுஸ் மாட்ஸ் யோர்கென்சென் என்பவரின் தாக்கத்தால் மருத்துவத்தைக் கைவிட்டு வேதியியலுக்கு மாறினார். யோர்கென்சென், கோபால்ட் போன்ற உலோகங்களின் அணைவுச் சேர்மங்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் வெர்னருடன் அவர் நடத்திய நீண்ட அறிவியல் விவாதம் வேதியியல் வரலாற்றில் நன்கு அறியப்பட்டது.

மாணவரும் ஆசிரியரின் வழியிலேயே சென்றார். பல்தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். டென்மார்க்கின் நிலவியல் அளவைப் பணியிலும், அரச கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தின் ஆலோசகராகவும் பங்கேற்றார். 1899 இல் கோபால்ட்டின் ஆக்சலேட்டுச் சேர்மங்களைப் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அதுவரை அவர் செய்த பணிகள் எவற்றிலும் உயிர்வேதியியலின் சாயலே இல்லை. கனிம வேதியியலாளராகவே அவர் வாழ்ந்திருப்பார் என்று எண்ண இடமுண்டு. ஒரு பதவி மாற்றம் அவருடைய துறையையே மாற்றிவிட்டது.

கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம்

யாக்கோப் கிறிஸ்டியன் யாக்கோப்சென் (1811–1887) என்பவர் 1847 இல் கோபன்ஹேகனுக்கு வெளியே வால்பி என்ற இடத்தில் ஒரு பியர் ஆலையைத் தொடங்கினார். தம் மகன் கார்லின் பெயரால், கார்லின் குன்று என்னும் பொருள்பட அதற்குக் கார்ல்ஸ்பெர்க் என்று பெயரிட்டார். பியர் தயாரிப்பு அன்று பெரும்பாலும் கைப்பழக்கத்தின் வழியே நடந்து வந்தது. ஒரு தடவை நன்றாக வரும் பியர் மறு தடவை புளித்துப் போகும். காரணம் யாருக்கும் தெரியாது. இந்நிலையை அறிவியலால்தான் மாற்ற இயலும் என்று நம்பிய யாக்கோப்சென் 1875 இல் ஓர் ஆய்வகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளையை உருவாக்கி ஆய்வகத்தை அதன் பொறுப்பில் விட்டார்.

ஆய்வகத்தின் விதிகளில் ஒன்று வியப்புக்குரியது. அங்குக் கண்டறியப்படும் முடிவுகள் எவையும் தொழில் இரகசியமாக மறைக்கப்படக் கூடாது. அவை வெளியிடப்பட வேண்டும். எமில் கிறிஸ்டியன் ஹான்சென் 1883 இல் தனி ஈஸ்ட் வகையைத் தூய்மையாகப் பிரித்து வளர்க்கும் முறையை நிலைநாட்டியபோது, அந்த ஈஸ்ட் பிற ஆலைகளுக்கும் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் வேதியியல் பிரிவின் தலைவர் யோகான் கெல்டால், தானியத்தில் உள்ள நைட்ரசனை அளந்து அதன் மூலம் புரத அளவைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். கெல்டால் முறை என்ற பெயரில் அது இன்றும் உணவுப் பகுப்பாய்வில் பயன்படுகிறது. பார்லியின் தரத்தை அறிய வேண்டும் என்ற ஆலையின் தேவையிலிருந்து எழுந்த முறை அது.

கெல்டால் 1900 இல் காலமானார். அடுத்த ஆண்டில் சோரென்சென் அவருடைய இடத்துக்கு வந்தார். அமினோ அமிலங்கள், புரதங்கள், நொதிகள் ஆகியவையே இதன்பின் அவருடைய ஆய்வுப் பொருள்களாயின. அமினோ அமிலங்களின் அளவை ஃபார்மால்டிகைடின் துணையோடு தரம்பார்த்து அறியும் முறையை அவர் 1907 அளவில் உருவாக்கினார். இது ஃபார்மால் தரம்பார்த்தல் எனப்படுகிறது.

எவ்வளவு அமிலம் என்னும் கேள்வி

பார்லியை முளைக்க வைத்து உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. மால்ட்டை நொறுக்கி ஏறக்குறைய 65 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் ஊறவைத்தால், மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கின்றன. இந்தக் கலவையை இக்கட்டுரை மால்ட் ஊறல் என்று குறிக்கிறது. ஊறலை வடிகட்டிக் கிடைக்கும் இனிப்பு நீரை ஈஸ்ட் நொதிக்கச் செய்து பியராக்குகிறது. ஆகவே பியர் ஆலை என்பது அடிப்படையில் நொதிகளின் ஆலையே.

நொதிகள் அமிலத்தால் தூண்டப்படுகின்றன அல்லது தடுக்கப்படுகின்றன என்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. அந்த அமிலத்தை அளக்கும் முறைதான் சிக்கலாக இருந்தது. கரைசலில் எவ்வளவு அமிலம் சேர்க்கப்பட்டது, அல்லது அதை நடுநிலையாக்க எவ்வளவு காரம் தேவைப்பட்டது என்றே வேதியியலாளர்கள் கணக்கிட்டு வந்தனர். இந்த அளவை வைத்துக்கொண்டு நொதியின் செயல்பாட்டை ஒப்பிட்டால் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். லிட்டருக்கு 0.1 மோல் ஐதரோகுளோரிக் அமிலம் உள்ள ஒரு கரைசலும், அதே செறிவில் அசிட்டிக் அமிலம் (வினிகரில் உள்ள அமிலம்) உள்ள மற்றொரு கரைசலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் நடுநிலையாக்க ஒரே அளவு காரம் வேண்டும். ஆனால் முதற்கரைசலில் தனித்து இயங்கும் ஐதரசன் அயனிகள் இரண்டாவதில் இருப்பதைப்போல ஏறக்குறைய 75 மடங்கு. நொதி உணர்வது இந்தத் தனித்த அயனிகளையே. தரம்பார்த்தல் என்பது கிடங்கில் உள்ள மொத்தச் சரக்கைச் சொல்கிறது. கடைத்தெருவில் இப்போது நடமாடும் சரக்கைச் சொல்வதில்லை.

சுவீடனின் அரேனியசு அயனிக் கொள்கையை முன்வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மின்முனையின் மின்னழுத்தத்துக்கும் அயனிச் செறிவுக்கும் உள்ள தொடர்பை செருமனியின் நெர்ன்ஸ்ட் 1889 இல் வகுத்திருந்தார். ஐதரசன் அயனிச் செறிவைக் கொண்டே கரைசல்களை வகைப்படுத்தலாம் என்று ஹான்ஸ் ஃப்ரீடென்தால் 1904 இல் காட்டியிருந்தார். எனவே எல்லாக் கருவிகளும் வெவ்வேறு இடங்களில் தயாராக இருந்தன எனலாம். அவற்றை ஒன்று சேர்த்து, எந்த ஆய்வகமும் பின்பற்றக்கூடிய நம்பகமான அளவீட்டு முறையாக்கியதே சோரென்செனின் பணி.

1909 ஆம் ஆண்டுக் கட்டுரை

நொதி ஆய்வுகள் என்னும் வரிசையில் இரண்டாவதாக வெளிவந்த இக்கட்டுரை செருமானிய உயிர்வேதியியல் இதழ் ஒன்றிலும், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் சொந்த வெளியீட்டிலும் அச்சானது. செருமானிய வடிவம் 170 பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. பிஎச் என்ற குறியீடு அதன் தொடக்கப் பகுதியில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய பக்கங்கள் எவ்வாறு அளப்பது என்பதையும், அளந்ததை நொதிகளில் எவ்வாறு சோதிப்பது என்பதையும் பற்றியவை. இன்வர்டேசு, கேட்டலேசு, பெப்சின் ஆகிய நொதிகளை அவர் இதில் ஆராய்ந்தார். ஒவ்வொன்றும் மிகச் சிறப்பாகச் செயல்படும் ஐதரசன் அயனிச் செறிவு ஒன்று உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

ஐதரசன் அயனிச் செறிவுகள் மிகச் சிறிய எண்கள். தூய நீரில் 25 பாகை செல்சியசில் அது லிட்டருக்கு 10⁻⁷ மோல். நொதி ஆய்வுகளில் எதிர்ப்படும் செறிவுகள் பல இலட்சம் மடங்கு வேறுபடும். வரைபடத்தில் இவற்றைக் குறிப்பதே கடினம். எனவே 10 இன் அடுக்கை மட்டும் எடுத்து அதன் எதிர்க்குறியை நீக்கி எழுதலாம் என்று சோரென்சென் முன்மொழிந்தார். அவர் இதனை ஐதரசன் அயனி அடுக்கு என்று அழைத்தார். இது மடக்கை அளவுகோல் ஆதலால் எண் ஒன்று குறைந்தால் அயனிச் செறிவு பத்து மடங்காகும். எண்ணிக்கை குறையும்போது அமிலத்தன்மை கூடுவது மாணவர்களுக்கு இன்றும் தடுமாற்றம் தருவதற்குக் காரணம் அந்த நீக்கப்பட்ட எதிர்க்குறியே.

அளப்பதற்கு அவர் இரண்டு வழிகளைச் சீர்படுத்தினார். முதலாவது ஐதரசன் மின்முனை. கரும் பிளாட்டினம் பூசிய தகட்டின் மேல் ஐதரசன் வாயுவைச் செலுத்தி, காலமெல் மின்முனையோடு இணைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட மின்னியக்கு விசையை அளப்பது. இது துல்லியமானது, ஆனால் நேரம் பிடிப்பது. இரண்டாவது நிறங்காட்டிகள். ஏராளமான சாயங்களைச் சோதித்து நம்பத்தக்கவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார். புரதம் நிறைந்த கரைசலில் சில சாயங்கள் தவறான நிறத்தைக் காட்டுவதையும் அவர் கவனித்தார். இது புரதப் பிழை எனப்படுகிறது. மால்ட் ஊறலில் புரதமும் உண்டு, பழுப்பு நிறமும் உண்டு. சோதனைத் தாளைத் தோய்த்து நிறம் பார்க்கும் முறை பியர் தயாரிப்பில் ஏன் அடிக்கடி ஏமாற்றுகிறது என்பதற்கு இதில் விடை உள்ளது.

நிறங்களை ஒப்பிட, மாறாத பிஎச் உடைய கரைசல்கள் தேவைப்பட்டன. தூய நீர் இதற்குப் பயன்படாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சிறிது கரைந்தாலே அதன் பிஎச் இறங்கிவிடும். ஆகவே கிளைசின், பாஸ்பேட்டு, சிட்ரேட்டு, போரேட்டு ஆகியவற்றைக் கொண்டு, சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் அதிகம் மாறாத கரைசல்களின் வரிசையை அவர் உருவாக்கினார். இவையே தாங்கல் கரைசல்கள். இக்கருத்து முற்றிலும் அவருடையது அன்று. பாரிசில் ஃபெர்ன்பாக், ஹூபெர்ட் ஆகியோர் 1900 இலேயே மால்ட்டின் நொதியை ஆராயும்போது பாஸ்பேட்டுகளின் இப்பண்பைச் சுட்டியிருந்தனர். முதற்குறிப்பும் மால்ட்டிலிருந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. சோரென்செனின் பாஸ்பேட்டுத் தாங்கல் இன்றும் அவர் பெயராலேயே ஆய்வகங்களில் வழங்குகிறது.

பி என்ற எழுத்து

பிஎச் என்பதில் உள்ள முதலெழுத்தின் பொருள் குறித்துப் பல விளக்கங்கள் உலவுகின்றன. ஐதரசனின் ஆற்றல் என்று ஆங்கிலத்திலும், அதற்கிணையான இலத்தீன் தொடர்களிலும் பாடநூல்கள் விரித்துச் சொல்கின்றன. சோரென்சென் தம் கட்டுரையில் எழுத்துக்கு விளக்கம் எதுவும் தரவில்லை. இரண்டு மின்முனைக் கரைசல்களுக்கு அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை அவர் பயன்படுத்தியிருந்தார் என்றும், அவற்றுள் ஒன்றே இக்குறியீட்டில் தங்கிவிட்டது என்றும் 2000 இல் வெளிவந்த ஓர் ஆய்வு வாதிடுகிறது. இக்கருத்தே மூலக்கட்டுரையோடு பொருந்துவதாகத் தோன்றுகிறது. அவர் எழுதிய வடிவத்தில் ஐதரசனின் குறியீடு கீழொட்டாக அமைந்திருந்தது. இன்று நாம் ஒரே வரியில் எழுதும் வடிவம் 1920 களில் அமெரிக்காவிலிருந்து பரவியது.

புரத ஆய்வுகளும் பிற்காலமும்

பிஎச் அளவீடு வெளியான பிறகு சோரென்சென் அதனைப் பரப்பும் வேலையில் தங்கிவிடவில்லை. முட்டையின் வெள்ளைக் கருவிலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தைப் படிகமாகப் பிரித்து, அதன் சவ்வூடு பரவல் அழுத்தத்திலிருந்து மூலக்கூற்று எடையைக் கணக்கிட்டார். புரதங்கள் நிலையான அமைப்பற்ற கூழ்மங்கள் என்று பலர் கருதிய காலம் அது. அவற்றுக்கும் திட்டமான மூலக்கூற்று எடை உண்டு என்ற கருத்துக்கு 1917 இல் வெளிவந்த இவ்வாய்வுகள் வலுச் சேர்த்தன. இவற்றில் அவருடன் இணைந்து பணியாற்றி, கட்டுரையாசிரியராகவும் இடம்பெற்றவர் மார்கிரெத்தெ ஹொய்ரூப். பின்னர் அவர் சோரென்செனின் இரண்டாவது மனைவியானார். புரத ஆய்வுகளில் தொடர்ந்து உடன் உழைத்தார். பிஎச் பற்றிய கட்டுரைகளில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுவது ஒரு குறையே.

1924 இல் சோரென்சென் தம் உதவியாளர் காய் லின்டர்ஸ்ட்ரோம்-லாங்குடன் சேர்ந்து தம் வரையறையைத் தாமே திருத்தினார். மின்முனை அளப்பது அயனிகளின் எண்ணிக்கையை அன்று, அவை கரைசலில் பயனுறும் வகையில் செயற்படும் அளவையே என்பது இதற்குள் தெளிவாகியிருந்தது. இன்றைய வரையறை இந்தத் திருத்தத்தை ஒட்டியது.

அளவீடு பிற நாடுகளில் பரவியதற்கு வேறு சிலர் காரணமாயினர். லியோனார் மிக்கேலிஸ் 1914 இல் ஐதரசன் அயனிச் செறிவைப் பற்றிச் செருமானிய மொழியில் ஒரு நூல் எழுதினார். டென்மார்க்கின் கார்ல் ஹாசல்பால்க் 1916 இல் குருதியில் உள்ள பைகார்பனேட்டுக்கும் பிஎச்சுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கினார். அமெரிக்காவில் 1934 இல் ஆர்னால்ட் பெக்மேன், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்க வேண்டிய தேவைக்காக, கண்ணாடி மின்முனையையும் மின்னணுப் பெருக்கியையும் ஒரே பெட்டியில் இணைத்து ஒரு கருவியைச் செய்தார். ஐதரசன் வாயு உருளை இல்லாமலேயே எவரும் பிஎச் அளக்கலாம் என்ற நிலை அதன் பின்னரே வந்தது.

சோரென்சென் டென்மார்க்கின் மதுபானம், ஈஸ்ட், வெடிமருந்து ஆகிய தொழில்களுக்கும் ஆலோசனை வழங்கினார். 1938 இல் ஓய்வு பெற்றார். லின்டர்ஸ்ட்ரோம்-லாங் அவருடைய இடத்தை ஏற்றார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், தம் 71 ஆவது வயதில் சோரென்சென் காலமானார். கூகுள் நிறுவனம் 2018 மே 29 அன்று தன் முகப்புப் பக்கச் சித்திரத்தில் அவரை நினைவுகூர்ந்தது.

குழாய் நீரும் பியரும்

1909 கட்டுரை நொதிகளைப் பற்றியது. ஆலையின் நீரைப் பற்றியது அன்று. எனினும் பியரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. அந்த நீர் ஊறலின் பிஎச்சை எவ்வாறு மாற்றுகிறது என்ற கேள்விக்கு விடை காண வழி திறந்தவர் சோரென்சென்.

அவருக்கு முன்னரே ஊர்களின் நீரும் பியரும் பொருந்தி வந்திருந்தன. பொகீமியாவின் பில்சென் நகர நீரில் உப்புகள் மிகக் குறைவு; அங்கு 1842 இல் வெளிர் நிறப் பியர் தோன்றியது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகர நீரில் ஜிப்சம் மிகுதி; அங்குக் கசப்பான வெளிர் ஏல் வகை சிறந்தது. டப்ளின், மியூனிக் நகரங்களின் நீரில் பைகார்பனேட்டு மிகுதி. அங்குக் கரு நிறப் பியர்கள் பெயர் பெற்றன. வறுத்த மால்ட்டில் இயல்பாகவே அமிலம் கூடுதலாக இருப்பதால் அது பைகார்பனேட்டை ஈடுசெய்துவிடும். தலைமுறைகளின் பட்டறிவு கண்ட இந்தப் பொருத்தத்தின் காரணம், ஊறலின் பிஎச்சை அளக்க முடிந்த பின்னரே விளங்கியது.

மால்ட் ஊறலைக் குளிரவைத்து அளக்கும்போது பிஎச் ஏறத்தாழ 5.2 முதல் 5.6 வரை இருப்பது நன்று. வெளிர் மால்ட்டை வாலைவடி நீரில் ஊறவைத்தால் அது 5.7 அல்லது 5.8 அளவில் நிற்கும். பைகார்பனேட்டு நிறைந்த நீரில் 6 ஐத் தொடும். அப்போது மாவுப்பொருள் சரியாக உடைவதில்லை. பார்லி உமியிலிருந்து துவர்ப்புப் பொருள்கள் இறங்குகின்றன. பியர் மந்தமான சுவை பெறுகிறது.

இங்குதான் பலர் தவறு செய்கின்றனர். குழாய் நீரின் பிஎச்சை அளந்து, 7.5 என்று கண்டு, அதிலிருந்து முடிவுக்கு வருகின்றனர். நீரின் பிஎச் மட்டும் ஊறலைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது. பிஎச் 7.5 உள்ள இரண்டு நீர்களில் ஒன்று சில துளி அமிலத்தில் 5.5 க்கு இறங்கிவிடலாம். மற்றொன்று அதைப்போல் பத்து மடங்கு அமிலத்தை விழுங்கியும் அசையாதிருக்கலாம். இரண்டாவது நீரில் பைகார்பனேட்டு தாங்கல் கரைசலாகச் செயல்படுகிறது. தமிழில் காரத்தன்மை என்ற ஒரே சொல் பிஎச் 7 க்கு மேற்பட்ட நிலையையும், அமிலத்தை ஏற்று நிற்கும் இந்தத் திறனையும் குறிப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. எனவே பின்னதை இங்கு அமில ஏற்புத்திறன் என்று குறிப்போம். நீர் ஆய்வு அறிக்கையில் இது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தரப்படும். பியர் தயாரிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுவே.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பவை கால்சியமும் மக்னீசியமும். இவை மால்ட்டில் உள்ள பாஸ்பேட்டுகளோடு வினைபுரிந்து ஐதரசன் அயனிகளை விடுவிக்கின்றன. செருமனியின் பால் கோல்பாக் 1953 இல் இதனை ஒரு எளிய கணக்காக்கினார். அமில ஏற்புத்திறனின் ஒரு சமானத்தை ஈடுசெய்ய 3.5 சமானம் கால்சியமோ, 7 சமானம் மக்னீசியமோ வேண்டும். ஈடுசெய்யப்படாமல் எஞ்சுவது எச்ச ஏற்புத்திறன். இது செருமானியக் கடினத்தன்மை அளவில் 10 பாகை கூடினால் பிஎச் ஏறத்தாழ 0.3 உயரும்.

கற்பனையாக ஒரு நீரை எடுத்துக்கொள்வோம். அமில ஏற்புத்திறன் லிட்டருக்கு 200 மி.கி. (4 மில்லிசமானம்), கால்சியம் 80 மி.கி. (4 மில்லிசமானம்), மக்னீசியம் 12 மி.கி. (1 மில்லிசமானம்). கால்சியம் ஈடுசெய்வது 1.14; மக்னீசியம் ஈடுசெய்வது 0.14. எஞ்சுவது 2.7 மில்லிசமானம், அதாவது ஏறத்தாழ 7.6 செருமானியப் பாகை. ஊறலின் பிஎச் 0.2 க்குச் சற்று மேல் உயர்ந்து, 6 ஐ நெருங்கும். இத்தகைய நீர் 20 லிட்டரில் எஞ்சிய ஏற்புத்திறனை நீக்க 88 விழுக்காடு லாக்டிக் அமிலம் 5 மி.லி. க்குச் சற்றுக் குறைவாகப் போதும். அதன் பின்னும் ஊறல் வாலைவடி நீரில் நிற்பதைப் போல 5.7 அளவிலேயே நிற்கும், 5.4 க்கு இறக்க இன்னும் சிறிது அமிலமோ, கால்சியம் உப்போ, சிறிது கரு நிற மால்ட்டோ வேண்டும்.

அமிலம் சேர்க்க விரும்பாதோர் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிடலாம். கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து சுண்ணாம்பாகப் படியும். தெளிந்த நீரை இறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் தற்காலிகக் கடினத்தன்மை என்று படிப்பது இதுவே. ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க் 1841 இல் காப்புரிமை பெற்ற சுண்ணாம்பு நீர் முறையும் இதே பயனைத் தருகிறது. ஆனால் கொதிக்க வைக்கும்போது கால்சியமும் சேர்ந்தே குறைவதால் பின்னர் ஜிப்சம் அல்லது கால்சியம் குளோரைடு சேர்ப்பதுண்டு. 10 லிட்டரில் ஒரு கிராம் ஜிப்சம் கரைத்தால் லிட்டருக்கு 23 மி.கி. கால்சியமும் 56 மி.கி. சல்பேட்டும் கூடும். சல்பேட்டு கசப்பை உலர்வாகவும் கூர்மையாகவும் காட்டும். குளோரைடு சுவையை முழுமையாக்கும்.

பிரிட்டனில் 1963 இலும், அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் வீட்டில் பியர் தயாரிப்பதற்கான தடைகள் தளர்ந்தபோது, ஆலைகளின் இந்தக் கணக்குகள் சமையலறைக்கு வந்தன. சோரென்செனின் காலத்து ஆய்வகத்துக்குத் தேவைப்படாத ஒரு கவலையும் வீட்டாருக்குச் சேர்ந்துகொண்டது. நகராட்சி நீரில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனால்களை உண்டாக்குகிறது. இவை லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே மருந்து வாடை வீசச் செய்யும். குளோரின் கொதித்தால் வெளியேறிவிடும். குளோரமின் எளிதில் போகாது. அதற்குச் சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டு சேர்க்க வேண்டும். ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை 75 லிட்டர் நீருக்குப் போதுமானது. சில நிமிடங்களில் வினை முடிந்துவிடும். இதனைப் பிஎச் அளவி காட்டாது, மூக்குதான் காட்டும்.

அளவியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊறலைச் சூடாக வைத்தே அளந்தால் அறை வெப்பநிலையில் காண்பதைவிட ஏறத்தாழ 0.3 குறைவாகக் காட்டும். கண்ணாடி மின்முனையும் விரைவில் பழுதாகும். எனவே சிறிதளவு ஊறலை எடுத்து ஆறவைத்து அளப்பதே முறை. அதற்கு முன் அளவியைப் பிஎச் 4, பிஎச் 7 ஆகிய தாங்கல் கரைசல்களில் தோய்த்துச் சரிசெய்து கொள்ள வேண்டும்.